அருள் ஒத்திகை

கால்வாய்த் தெரு அம்மன் போன பங்குனியில் வெளுத்துப் போனாள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்கள் கப்பலில் கொண்டுவந்து பர்மாவின் தின்கன்ஜூனில் நட்டுவைத்த கருங்கல் அம்மன் அவள். எண்ணெயும் மஞ்சளும் குடித்துக் குடித்து மினுமினுவென்று கறுத்திருந்தவள். கோயில் சபையின் ஊடகப் பிரிவு வாங்கிய புதுக் கைபேசியில், முகத்தைக் கண்டால் தானாகவே அழகு கூட்டும் வித்தை ஒன்று இருந்தது. அதில் நேரலை போட்டபோது அம்மனுக்கு ரோஜா நிறத்தில் கன்னம் வந்தது. உதடு சிவந்தது, மூக்கு கூராகியது. பக்கத்தில் நின்ற பூசாரி ரெங்கசாமிக்கும் பாதி வயது குறைந்தது. யாராவது ஒருவர் இதென்ன அநியாயம் என்று கேட்டிருக்க வேண்டும். சபைத் தலைவர் விநாயகமூர்த்தி, பர்மிய மரியாதையில் ஊ விநாயகமூர்த்தி, திரையை உற்றுப் பார்த்தார்.

"இப்பத்தாங்க அம்மன் மூஞ்சில ஒரு திருப்தி தெரியுது" என்றார்.

அதோடு அது தீர்மானம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பூசாரி எல்லா தீபாராதனையையும் இரண்டு தடவை செய்தார். முதல் தடவை கேமராவுக்கு, மிச்சக் கற்பூரத்தில் அம்மனுக்கு. நேரில் வந்தவர்கள் எட்டிப் பார்த்தால் தலை மறைக்கிறது என்று அவர்களைத் தூணுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். இந்த ஊரில் நேரலை வரும் கோயிலின் இணையப் பக்கத்தைத் திறக்க, அரசுத் தடையைச் சுற்றிப் போகும் விபிஎன் என்ற குறுக்குச் சந்து வழியாகத்தான் போயாக வேண்டும். பக்தர்கள் கோபுர வாசல் வழியாக வருவதைவிட அந்தச் சந்து வழியாக வருவதையே சபை விரும்பியது. செருப்பு காணாமல் போன புகார் வராதல்லவா?

கனகாம்பாளுக்கு இதெல்லாம் தெரியாது. கியாக்தான் பேருந்து நிற்கும் முனையில் கூன்யாக் கடை வைத்திருப்பவள் அவள். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்துக் கொடுக்கும் கடை. கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகன் சிவராஜ் காகிதம் எதுவும் இல்லாமல் எல்லை தாண்டி, தாய்லாந்தில் ஒரு மீன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். போனவனிடமிருந்து மாதக்கணக்கில் பேச்சு மூச்சில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவள் தூணுக்குப் பின்னால் நின்றபடியே அம்மனிடம் பேசினாள்.

"ஒரே ஒரு தடவ அவன் குரல எங் காதுல போடு தாயே. உன் தீயில எறங்கிடறேன்."

அடுத்த வாரமே சிவராஜ் பேசினான். ஆலையில் போனைப் பிடுங்கி வைத்திருந்தார்களாம், இப்போதுதான் புதுசு வாங்கினானாம். கனகாம்பாள் அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாக்கை அள்ளி அள்ளிப் போட்டாள். சாயங்காலமே தீமிதிக்குப் பெயர் கொடுக்கக் கோயில் அலுவலகத்துக்குப் போனாள்.

முன்பெல்லாம் பூசாரியிடம் சொன்னால் போதும், காப்பு கட்டிவிடுவார். இப்போது ஊடகச் செயலாளர் தமிழ்மணியைப் பார்க்க வேண்டும். முப்பது வயது, காதில் ஒரு குமிழ், கழுத்தில் ஒரு அட்டை. பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்ப்பதில்லை, முகத்துக்குப் பின்னால் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்ப்பான்.

"உங்கள எத்தன பேரு ஃபாலோ பண்றாங்கக்கா?"

"என்னைய எதுக்கு தம்பி ஃபாலோ பண்றாங்க? நான் என்ன தப்பு பண்ணேன்?"

தமிழ்மணி பொறுமையாக விளக்கினான். பின்தொடர்பவர்கள் நிறைய உள்ளவர்களுக்கு முன்வரிசை. சூரியன் சாயும் நேரம், தணல் செக்கச்செவேலென்று இருக்கும், படம் நன்றாக வரும். மற்றவர்கள் நேரலை முடிந்ததும் நடந்துகொள்ளலாம். ஒரு கவலையும் இல்லை, தலைவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக அதற்குள் தணலில் தண்ணீர் ஊற்றி அணைத்திருப்பார்கள்.

"அணைச்ச சாம்பல்ல நடந்தா நேர்த்தி எப்பிடி தம்பி தீரும்? அம்மன் ஒத்துக்குவாளா?"

"யபாதே, யபாதே, பரவால்லக்கா. லைவ் முடிஞ்சிட்டா அம்மன் கணக்குல வராதுக்கா."

கனகாம்பாளுக்கு அழுகை வந்துவிட்டது. மகனைப் பற்றி, போன் வராத மாதங்களைப் பற்றி, தூணுக்குப் பின்னால் நின்று வேண்டியதைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் மனம் இளகட்டும் என்றுதான் சொன்னாள். அவன் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"நல்ல கதைக்கா! இத மொதல்லயே சொல்லக் கூடாதா? மகன் படம் இருக்கா?"

இருந்தது. ஆலைச் சீருடையில், கையில் பெரிய மீனோடு, சிரித்துக்கொண்டு நிற்கும் படம். அனுப்பத் தெரியாமல் போனையே அவனிடம் நீட்டினாள். கதை இருப்பவர்களுக்கு முன்வரிசை உண்டு என்று தமிழ்மணி அங்கேயே சொல்லிவிட்டான். கனகாம்பாள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் பக்கத்துக் கடை அப்ஸானா ஓடி வந்தாள். சிம் விற்று, உடைந்த திரை மாற்றித் தரும் கடை அவளுடையது.

"கனகாக்கா, இங்க பாருங்க, சிவராஜு!"

'ஒரு தாயின் கண்ணீர்' என்று தலைப்பு. சோகப் புல்லாங்குழல். சிவராஜின் சிரித்த முகம், பெயர், ஊர், சீருடையில் ஆலையின் பெயர், காகிதமில்லாமல் எல்லை தாண்டிப் பாடுபடும் தமிழ்மகன் என்ற வர்ணனை, கீழே அம்மனின் வெளுத்த முகம். பார்த்தவர்கள் எண்ணிக்கை வாய்க்குள் நுழையாததாக இருந்தது. கூன்யா வாங்க வந்த பர்மிய ஓட்டுநர்கள்கூட அவளைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்கள். கனகாம்பாளுக்குப் பெருமையாக இருந்தது. அதை இல்லை என்று சொல்லக் கூடாது, இரண்டு நாள் அவள் கால் தரையில் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் சிவராஜ் பேசினான். எங்கேயோ ஒளிந்துகொண்டு பேசுகிற குரல்.

"அம்மா, யாரும்மா எம் படத்தப் போட்டது? முதலாளி பாத்துட்டான். காகிதமில்லாதவன வச்சிருக்கான்னு அவன் மேல கேஸ் வந்துருமாம். ராத்திரியோட தொரத்திட்டான். ஆல வாசல்ல போலீசு எம் மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்குது. புடிச்சாங்கன்னா நேரா எல்லைல கொண்டு வந்து விட்ருவாங்க. அந்தப் பக்கம் என்னைய யாரு கூட்டிக்கிட்டுப் போவான்னு ஒனக்கே தெரியும். அத எடுக்கச் சொல்லும்மா, மொதல்ல எடுக்கச் சொல்லு."

அவன் வயதுப் பையன்கள் எல்லையில் திரும்பி வந்தால் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், வீட்டுக்கு வருவதில்லை என்பது இந்த ஊரில் எல்லாத் தாய்க்கும் தெரியும். கனகாம்பாள் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அப்ஸானா பின்னாலிருந்து கத்தினாள்: "கோயில் பக்கத்துல எடுத்தா போதும்க்கா! அங்க போயிட்டா, மத்தவங்க ஷேர் பண்ணதெல்லாம் தானா போயிரும்!"

எடுப்பதற்கு ஒரு விரல் போதும். ஆனால் சபையின் விரல் சபையின் தீர்மானமில்லாமல் அசையாது என்றான் தமிழ்மணி. அவசரக் கூட்டம் கூடியது. உறுப்பினர்கள் ஒரே மேசையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள். இருந்தாலும் ஒருவரோடொருவர் கைபேசிக் குழுவில்தான் பேசிக்கொண்டார்கள். யாரோ ஒருவர் கனகாம்பாளுக்கு நாற்காலி போடச் சொல்லிக் குழுவில் எழுதினார். பத்துப் பேர் அதற்கு இதயம் போட்டார்கள். நாற்காலி வரவில்லை.

ஊ விநாயகமூர்த்தி எழுந்தார். பட்டு லுங்கி, நெற்றி நிறையத் திருநீறு. ஒரு மண்டலமாகத் தான் விரதம் இருப்பதாகத் தினம் ஒரு படம் போட்டுக்கொண்டிருந்தவர்.

"ஏம்மா, ஒங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா நீங்க பொதுநலமா யோசிக்கணும். இந்தக் கோயில் நூறு வருசத்துக்கு மேல இருக்கு. இத்தன காலத்துல இங்க வந்து கும்புட்டவங்களவிட, இந்த வாரம் ஒங்க மகன் மூஞ்சியப் பாத்தவங்க அதிகம். அம்மனால முடியாதத அவரு செஞ்சிருக்காரு. அவர எடுக்கச் சொன்னா என்ன அர்த்தம்? இனிமே அவரு ஒங்க மகன் மட்டும் இல்லம்மா. கோயிலோட மகன்."

"போலீசு தேடுதுங்க, தலைவரே."

"தேடட்டும்மா! தேடறவனும் நம்ம பக்கத்துக்கு வந்துதானே பாக்கறான்?"

வாக்கெடுப்பு நடந்தது. மேசையைச் சுற்றிப் போன்கள் டிங் டிங் என்று ஒலித்தன. பதிவு நீடிக்கலாம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. பூசாரி ரெங்கசாமிக்கு மட்டும் வாக்கு இல்லை. அவரிடம் இருந்தது பொத்தான் போன், அதில் இதயம் கிடையாது.

கனகாம்பாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் வைத்துத் தமிழ்மணி அதையும் படம் பிடித்திருக்கிறான். சாயங்காலமே பக்கத்தில் வந்துவிட்டது. 'மறுபடியும் மாயமான மகன்! ஒரு தாயின் கண்ணீர், பாகம் இரண்டு.' சிவராஜின் முகம் இந்தத் தடவை இன்னும் பெரிதாக இருந்தது. அன்றிரவிலிருந்து அவன் போன் அணைந்து கிடந்தது.

கனகாம்பாள் அன்றைக்கு அழவில்லை. அப்ஸானா பாகம் இரண்டைக் காட்டியபோது பாக்கு வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பழி வாங்க வேண்டும் போல இருந்தது. மன்னிக்க வேண்டும், பொறுக்க வேண்டும் என்றெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பட்டு லுங்கிக்காரரின் அடிவயிற்றில் தன் வயிற்று எரிச்சலைக் கொஞ்சம் எடுத்துக் கட்டிவிட முடியுமா என்றுதான் யோசித்தாள்.

அம்மன் அதற்கு ஒரு வழி விட்டாள். அல்லது சபை விட்டது. வருஷாவருஷம் தீமிதியன்று அருள் வந்து ஆடும் அம்மாள் ஒருத்தி இருந்தாள். அவளை இந்த வருஷம் த்வாண்டேயில் ஒரு கோயில் இழுத்துக்கொண்டுவிட்டது. அங்கே இரண்டு கேமராவாம். அருள் இல்லாத நேரலையைப் பத்து நிமிஷத்துக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை என்பது ஊடகப் பிரிவின் ஆராய்ச்சி. தமிழ்மணி கூன்யாக் கடைக்கு வந்து நின்றான்.

"அக்கா, ஒங்களுக்கு அருள் வருமா?"

அவளுக்கு வாழ்நாளில் வந்ததில்லை. ஒரு வெற்றிலையை எடுத்து நிதானமாகச் சுண்ணாம்பு தடவினாள்.

"என்னைக்கு வரணும் தம்பி?"

ஒத்திகை சபை மண்டபத்தில் நடந்தது. தமிழ்மணி தரையில் சாக்கட்டியால் ஒரு கட்டம் போட்டான். அம்மன் அந்தக் கட்டத்துக்குள்தான் வர வேண்டும், வெளியே வந்தால் படத்தில் விழமாட்டாள். கனகாம்பாள் தலையை ஆட்டிக் காட்டினாள்.

"கையக் கொஞ்சம் கம்மியா ஆட்டுங்கக்கா. நாக்க நீட்டாதீங்க, வன்முறைன்னு வீடியோவத் தூக்கிருவாங்க. முடி மூஞ்சில விழுந்தா ஃபில்டர் வேல செய்யாது, ஒதுக்கி விட்டுக்கங்க."

"அருள் வந்தவ முடிய ஒதுக்குவாளா தம்பி?"

"இந்த அம்மன் ஒதுக்குவாங்கக்கா. சரி, இப்ப வசனம்."

வசனத்தைத் தலைவரே சொல்லிக்கொடுத்திருந்தார். என் மக்களே, மனம் குளிர்ந்தேன். விநாயகமூர்த்தியின் தொண்டைக் கண்டு பூரித்தேன். பந்தல் போட்ட நகைக்கடைக்கு என் பரிபூரண ஆசி. பக்கத்தைப் பின்தொடருங்கள். கடைசியில் பர்மிய மொழியில் 'சேஸூபா' என்று நன்றி சொல்லி முடிக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தமிழைவிட அதுதான் சட்டென்று புரியும்.

"அம்மன் எதுக்கு தம்பி நன்றி சொல்லணும்?"

"ஸ்பான்சருக்கு யாரா இருந்தாலும் சொல்லித்தானேக்கா ஆகணும்."

கனகாம்பாள் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். தலைவர் வந்து பார்த்துவிட்டு, தன் பெயர் வரும் இடத்தில் குரல் கொஞ்சம் தழுதழுக்கட்டும் என்றார். தழுதழுக்கச் செய்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தீமிதி நாள் வந்தது. வெயில் சாயும் நேரத்தில் குழி நிறையத் தணல். காப்புக் கட்டி மஞ்சள் உடுத்தியவர்கள் வரிசையில் நின்றார்கள். தமிழ்மணி ஒலிபெருக்கியில் விதிகளை அறிவித்தான். ஓடக் கூடாது, ஓடினால் படம் மங்கும். நடுவில் ஒரு கணம் நின்று கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சூடு தாங்காமல் கத்துகிறவர்கள் நகைக்கடை விளம்பரம் ஓடும்போது கத்த வேண்டாம். வரிசையிலிருந்த ஒரு துறைமுகக் கிழவர், சிரிக்காவிட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாளா என்று பூசாரியைக் கேட்டார். பூசாரி தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு தலைவர் உரையாற்றினார்.

"உலகத் தமிழர்களே! பல பேர் என்னக் கேக்கறாங்க, தலைவரே நீங்க ஏன் தீ மிதிக்கறதில்லன்னு. மிதிக்கறது சுலபங்க. யாரு வேணா மிதிக்கலாம். மிதிக்கறவங்கள வரிசைல நிறுத்தறது இருக்கே, அதுதான் கஷ்டம். நான் தெனமும் அந்தத் தீயில நிக்கறேன். இங்க அம்மன் வாக்குதான் சட்டம். நாங்கெல்லாம் அவளுக்கு வேலக்காரங்க. இதோ, அம்மனே இப்ப வந்து ஒங்ககிட்டப் பேசுவா."

பறை முழங்கியது. தமிழ்மணி விரலை உயர்த்திச் சைகை காட்டினான். கனகாம்பாள் ஈர மஞ்சள் புடவையில் கட்டத்துக்குள் நின்றாள். தணலின் சூடு முகத்தில் அடித்தது. உள்ளங்காலிலிருந்து ஏதோ ஒன்று கிடுகிடுவென்று ஏறி வந்தது. அது சூடா, பட்டினியா, கோபமா, வேறு யாராவதா என்று அவளுக்கே தெரியாது. தலை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. அவள் ஒதுக்கவில்லை. ஓர் அலறல் கிளம்பியதும் முன்வரிசைக் கிழவிகள் தாமாகவே குலவையிட்டார்கள். கூட்டம் கைகூப்பியது.

பூசாரி ரெங்கசாமி வேப்பிலையோடு முன்னால் வந்தார். அவர் ஒத்திகைக்கு வராதவர். ஆகையால் அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"வந்துட்டியா தாயே? என்ன கொற சொல்லு."

"மனம் குளிர்ந்தேன்" என்று தமிழ்மணி உதடசைத்து எடுத்துக் கொடுத்தான்.

"வெளுத்துட்டாண்டா என்னைய!" என்றாள் அம்மன். "எம் மூஞ்சி பிடிக்காதவனுக்கு எங்கோயில்ல என்னடா வேல?"

கூட்டம் ஹோவென்று இரைந்தது. தமிழ்மணியின் விரல் பதறி எதையோ அழுத்தியது. திரையில் அம்மன் முகம் பழையபடி கறுத்தது. தலைவரின் கன்னத்திலிருந்த ரோஜா நிறமும் கூடவே போயிற்று.

"ஒரு தாய் புள்ளையோட மூஞ்சிய வித்துத் திங்கறானுக. அவ வந்து காலப் புடிச்சா, இவன் இதயம் போடறான், அவன் இதயம் போடறான். எடுடா அத!"

"அப்பறம் பாத்துக்கலாம் தாயே" என்றார் தலைவர், சிரிப்பு மாறாமல்.

"இப்ப!"

அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பறைகூட நின்றுவிட்டது. நேரலையின் கீழே சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆட்கள் எழுதிக் குவித்தார்கள்: எடுங்கய்யா, அம்மன் சொல்றா, எடுங்க. பதிவை எடுத்தால் ஆட்கள் போய்விடுவார்கள். எடுக்காவிட்டால் இதோ இப்போதே போய்விடுவார்கள். இப்படி ஒரு நிலைமைக்குச் சபையில் தீர்மானம் ஏதும் இல்லை. தமிழ்மணி தலைவரைப் பார்த்தான், எண்ணிக்கையைப் பார்த்தான், எண்ணிக்கைக்கே பணிந்தான். முதல் பாகம் போயிற்று.

"ரெண்டாவதையும்."

அதுவும் போயிற்று. கூட்டத்திலிருந்த பிள்ளைகள் தங்கள் போன்களைத் தடவிப் பார்த்து, இல்லை, இல்லை, எங்கேயும் இல்லை என்று பர்மிய மொழியில் கத்தினார்கள். கனகாம்பாளுக்குப் போதும் போல இருந்தது. அவள் வந்த காரியம் முடிந்துவிட்டது. ஆனால் தலைவர் அப்போது ஒலிவாங்கியை எடுத்து, அம்மன் மனம் குளிர்ந்துவிட்டாள், அடுத்து நகைக்கடையின் செய்தி என்று ஆரம்பித்தார். சிவராஜ் எந்த இருட்டில் பதுங்கியிருக்கிறானோ, உயிரோடுதான் இருக்கிறானோ, இவருக்கு நகைக்கடைச் செய்தி. வேப்பிலைக் கொத்து தலைவரை நோக்கி நீண்டது.

"நீ எறங்குடா."

"தாயே?"

"தெனமும் தீயில நிக்கறேன்னியே. எறங்கு."

"நான் காப்புக் கட்டலியே தாயே!"

"பூசாரி கட்டுவான்."

பூசாரி அதற்குள் மஞ்சள் துணியோடு பக்கத்தில் வந்துவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. தலைவர் பின்வாங்கினார், கூட்டம் வழிவிடவில்லை. வியர்வையில் திருநீறு வழிந்து மூக்கில் நின்றது. தப்பிக்க ஒரே வழி தென்பட்டது, அதைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சுத்தமா இல்ல தாயே! வெரதம் இல்ல! நேத்துக்கூட டான்பாவ் சாப்ட்டேன், கோழி!"

கையில் ஒலிவாங்கி இருப்பதை மறந்துவிட்டார். கோழி பிரியாணி மூன்று நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு மண்டல விரதப் படங்களுக்கெல்லாம் கைகூப்பியவர்கள் கீழே கோழிப் படமாகப் போட ஆரம்பித்தார்கள்.

"அதுவும் தெரியும். எறங்கு."

ஊ விநாயகமூர்த்தி இறங்கினார். பட்டு லுங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் அடி வைத்தார், இரண்டாவது அடி வைத்தார். ஓடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, பச்சைக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நடுக்குழிக்கு அவர் வந்தபோது, தமிழ்மணி தொழில் மறக்காமல் குரல் கொடுத்தான்.

"தலைவரே, கேமரா!"

தலைவர் நின்றார். எத்தனை வருஷப் பழக்கம்! திரும்பி, தாடையைச் சற்றுத் தூக்கிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் போட்ட சத்தத்தில் நகைக்கடை விளம்பரம் ஒன்றும் கேட்கவில்லை. பால்குழியில் போய் விழுந்தார். இருந்த போன்கள் அத்தனையும் அவரைச் சுற்றி வட்டம் கட்டின. ஒருவரும் தூக்கிவிடவில்லை, இரண்டு கையாலும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் கனகாம்பாள் குழியில் இறங்கினாள். ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை, நடந்தாள். சிவராஜ் சிவராஜ் என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். அதை ஒருவரும் படம் பிடிக்கவில்லை. பூசாரி மட்டும் பார்த்தார், அக்கரையில் அவள் நெற்றியில் திருநீறு பூசினார். அப்போதுதான் அவள் அழுதாள்.

நாலைந்து நாள் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. சிவராஜ் வேறு ஊரில் ஒரு காய்கறித் தோட்டத்தில் இருந்தான். தேடியவர்கள் வேறு முகத்தைத் தேடப் போய்விட்டார்களாம். எந்த ஊர் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

சபை அவசரமாகக் கூடியது. அன்றைய நேரலையைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை, கோயிலின் மொத்தச் சரித்திரத்தையும் தூக்கிச் சாப்பிட்டிருந்தது. நடுவில் நின்று சிரித்த காட்சியை மட்டும் தனியாக வெட்டிப் பாட்டுப் போட்டுப் பரப்பியவர்களுக்குக் கணக்கில்லை. ஆகவே தலைவர் ஆண்டுதோறும் முதல் ஆளாகத் தீயில் இறங்க வேண்டும் என்றும், நடுவில் இன்னும் சற்று நேரம் நிற்கலாம் என்றும் முடிவாயிற்று. அவருக்குத் 'தீமிதிச் செம்மல்' பட்டம் கொடுப்பதென்றும் தீர்மானித்தார்கள். எதிர்த்து வந்தது ஒரே வாக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து. குழுவில் அதற்கு எல்லோரும் சிரிக்கிற முகம் போட்டார்கள்.

கால் கட்டோடு தடி ஊன்றி ஊ விநாயகமூர்த்தி ஒரு நாள் பேருந்து முனைக்கு வந்தார். காரைத் தள்ளி நிறுத்திவிட்டு, யாரும் படம் பிடிக்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்தார். அப்ஸானா தன் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கனகாம்பாள் முக்காலியை எடுத்துப் போட்டாள்.

"அக்கா" என்றார். அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வர்ற வருசம் அருள் வரும்போது, தலைவர் மிதிச்சது போதும்னு அம்மன் ஒரு வார்த்த சொன்னா சபை கேக்கும். நீங்கதான் எப்பிடியாவது..."

"எனக்கென்னங்க தெரியும்? அருள் வந்தவளுக்கு என்ன பேசினான்னு எங்க ஞாபகம் இருக்கு?"

அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நெசத்தச் சொல்லுங்கக்கா. அன்னைக்கு என்னைய எறங்கச் சொன்னது அம்மனா, நீங்களா?"

கனகாம்பாள் வெற்றிலையை மடித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"யாருன்னு சொன்னா தலைவரே, கால் சீக்கிரம் ஆறும்?"